ஒன்றில் மட்டும் சரி போடவும்

ஐந்து பெட்டி கீறி அனுப்பியிருக்கிறீர்கள், மிஸ் பிரெண்டா.
வகுப்புக்கு வராத காரணம்:
நேரம், தூரம், மொழி, விருப்பமின்மை, வேறு.
கொவென்ட்ரி மழையில் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறேன்,
பேனை கையில்.
முதல் பெட்டி ஏற்கனவே நனைந்து ஊதிவிட்டது.

ஞாயிறு இரவு ஒன்பதுக்குப் பிறகுதான்
அந்தக் கிழமைக்கான வேலை என் தொலைபேசியில் விழும்.
நகரத்துக்கு வெளியே, ஐந்து பாகைக் குளிரில்
கீரையிலை கழுவிப் பெட்டியில் அடைக்கிறேன்.
இத்தனை கலோரி என்று மூடியில் அச்சடித்திருக்கும்.
ஒரு நாளைக்கு இரண்டாயிரம் மூடி.
உங்கள் புதன்கிழமை நாலரை மணிக்கு
யாரோ ஒருவரின் நாளைய மதியச் சாப்பாட்டில்
நான் அரை முட்டை வைத்துக்கொண்டிருப்பேன்.

தூரம் என்றால் இரண்டு பஸ்.
கார் இருக்கிறது. காரோட்டுகிறவர்
பெற்றோல் நிலையத்தில் இரவு முழுக்க விழித்துவிட்டு
திரைச்சீலை இழுத்துப் படுத்திருக்கிறார்.
எழுப்பியிருக்கலாம்.
எழுப்பவில்லை.
அதற்கு நீங்கள் பெட்டி கீறவில்லை.

ஒருதரம் வந்தேனே, நினைவிருக்கிறதா?
நீச்சல் குளத்துக் குளோரின் மணக்கும் அறை,
பன்னிரண்டு கதிரை, மூன்று பேர்.
ஒரு போலந்துக்காரர் கடைசிவரை
தன் குளிரங்கியைக் கழற்றவேயில்லை.
நான்கு நிறத்தில் பிரித்த காகிதத் தட்டைக் காட்டி
வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டீர்கள்.
சோறு என்றேன்.
பலகையில் எழுதினீர்கள், சிவப்பு மையில்.
மற்றப் பேனைகள் காய்ந்திருந்திருக்கலாம்.
பிட்டையும் சம்பலையும் பற்றி
அதன்பிறகு நான் வாய் திறக்கவில்லை.

இரண்டாம் கிழமையும் வந்தேன், வாசல்வரை.
கார் தரிப்பிடத்தில் கோமளாவின் வெள்ளைக் கார்.
கோயில் தேருக்கு மாலை கட்டும்போது
எங்கள் எல்லோர் வீட்டுக் கதையும்
அவள் மடியில்தான் சேரும்.
இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு, இறங்காமல் இருந்தாள்.
பின்சீட்டில் அவளுடைய மகள், முகத்தை ஜன்னலுக்கு மறைத்தபடி.
நான் சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால்.
ஒருவரையொருவர் காணாதது மாதிரி
பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு அவளும் போனாள். நானும்.

மொழி.
ஆங்கிலம் மெதுவாக வாசிப்பேன், மிஸ்.
ஆனால் எங்கள் வீட்டுக் கடிதங்களை வாசிக்கிறவன் ஆரூரன்:
மின்சாரக் கட்டணம், வீட்டுக்காரர், வைத்தியசாலை.
மாசியில் வந்த உங்கள் முதல் கடிதத்தையும்
அவன்தான் உடைத்தான், குளிர்சாதனப் பெட்டியடியில் நின்று.
கடைசிவரை சத்தமில்லாமல் வாசித்தான்.
"என்னை அளந்தவையாம், அம்மா.
நல்லா வளர்ந்திருக்கிறனாம்."
அன்றிரவு சந்தோசத்தில் ரோல்ஸ் பொரித்தேன்.
பத்து வயதுப் பிள்ளை
ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்,
என் முகத்தைப் பார்த்துப் பார்த்து.

ஆனியில் அவனுடைய காற்சட்டையைத் தோய்க்க எடுத்தபோது
எட்டாக மடித்த அந்தக் கடிதம் கிடைத்தது.
ஒரு சொல்லின் கீழ் பென்சில் கோடு.
ஓரத்தில், சனிக்கிழமைப் பள்ளியில் பழகிய
கோணல் தமிழில் எழுதியிருந்தான்:
குண்டு. வெட்டியிருந்தது.
கொழுத்த. வெட்டியிருந்தது.
நிறை கூடின. அதையும் பாதியில் வெட்டி
வளர்ந்த என்று எழுதி
அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தான்.
எனக்கு நோகாத ஒரு சொல்லை
எத்தனை நாள் தேடினானோ.

பஸ் வருகிறது.
நான் எதிலும் சரி போடவில்லை.
பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, அதில் எழுதுகிறேன்:
அடுத்த கடிதத்தில் என் பெயரை எழுதுங்கள்.
மெதுவாகத்தான் வாசிப்பேன், ஆனால் நானே வாசிப்பேன்.
சனிக்கிழமை வைத்தால் வருவேன், பிட்டும் கொண்டு வருவேன்,
எந்த நிறத்தில் வைப்பதென்று பிறகு பேசலாம்.
அதுவரைக்கும், புதன் நாலரைக்கு
தரிப்பிடத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றால்
கண்ணாடியில் தட்டுங்கள், மிஸ்.
மெல்ல.